குவிக்

திங்கள் இரவு நாய்க்கு நகம் வெட்டினாள் ரொவீனா.
கறுத்த நகம். உள்ளே எது எங்கே என்று தெரியவில்லை.
சுண்டைக்காயளவு ரத்தம்
அடுக்களைத் தரையில் விழுந்ததும்
"குவிக்கைத் தொட்டுவிட்டாய்" என்றார் மாமனார் மொசாப்,
செய்தித்தாளை இறக்காமலே.

நாம் அதை நகக்கண் என்போம்.
அங்கே ஒரு கண் இருப்பதாக நமக்கு எண்ணம்.
அவர்களுக்கு அங்கே இருப்பது வேகம்.

வேகம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட பொருள்.
முதலில் அந்தச் சொல்லுக்கு
உயிரோடிருப்பது என்று மட்டும்தான்.
உயிரோடிருப்பது அசையும்,
அசைவது ஓடும்,
ஓடுவது எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்கும்,
இப்படியே போய்ப் போய்
இரண்டு நிமிட நூடுல்ஸ் பொட்டலத்தின் மேல்
ஏறி உட்கார்ந்துவிட்டது.
மூத்த பொருள் காலி செய்யவில்லை.
நகத்துக்கடியில், சுட்ட சுண்ணாம்பில்,
வெப்பமானி உடைந்தால் கட்டிலுக்கடியில்
உருண்டோடும் பாதரசத்தில்
வாடகை பாக்கியோடு குடியிருக்கிறது.

மணலிலும்.

ஃப்ளுக்பரோவில் இறால் பிடிக்கப் படகு வேண்டாம்.
கடல் வெளியே போனதும் டிராக்டர் உள்ளே போகும்,
ஆறேழு மைல், வலையை இழுத்துக்கொண்டு.
செவ்வாய்க்கிழமை, விடிந்தும் விடியாத அக்டோபர்.
நேற்றுவரை தார்ச்சாலை போலக் கிடந்த இடத்தில்
பின்சக்கரம் இறங்கியது.
மண்வெட்டியோடு குதித்தாள் ரொவீனா.
முழங்கால்வரை வாங்கிக்கொண்டது மணல்.

"குவிக்! குவிக்!" என்று கத்தினார் மொசாப்.
சீக்கிரம் என்று கத்தினாரா,
அவளைப் பிடித்திருப்பதன் பெயரைக் கத்தினாரா,
பிறகு கேட்டபோது
அவருக்கே தெரியவில்லை.

அந்த மணலில் அவசரம் ஆகாது.
உதறினால் இறுக்கும்.
பின்னால் சாய்ந்து, வானத்தைப் பார்த்து,
கணுக்காலை மெல்ல மெல்லக் கிளறி,
இடுக்கில் தண்ணீர் புகும்வரை காத்திருந்து
ஒரு விரற்கடை எடுக்க வேண்டும்.
அப்புறம் இன்னொரு விரற்கடை.
மொசாப் பலகையைத் தள்ளிவிட்டு
அதன்மேல் குப்புறப் படுத்து அவள் கையைப் பற்றினார்.
தொலைவில், திரும்பிவிட்ட கடலின் சத்தம்.
குதிரையை முந்தும் என்பார்கள் அந்தத் தண்ணீரை.

விரை என்றது தண்ணீர்.
விறை என்றது குளிர்.
இடையின ரவுக்கும் வல்லின றவுக்கும் நடுவே
மல்லாந்து கிடந்தாள்.

அப்போதுதான் தொப்புளுக்குக் கீழே
மீன்குஞ்சு கண்ணாடித் தொட்டியில் இடித்தாற்போல
ஒரு தட்டு.

பதினெட்டு வாரம்.
இரவு ஷிஃப்டில் இருக்கும் டக்ளஸுக்குக்கூட
ஞாயிறன்று சொல்லலாம் என்றுதான் இருந்தாள்.
அந்த முதல் தட்டுக்கு அவ்வூர்த் தாதிகள்
முன்பு வைத்திருந்த பெயரும்
இதே சொல்லின் வயிற்றில் பிறந்ததுதான்.

ஏதோ சொன்னாள்.
கைவிடாத மாமனாரிடமா, மணலிடமா,
உள்ளே தட்டியதிடமா, தெரியாது.
அவள் பேசியது அவள் பாஷையில்.
எனக்கு அது "இரு" என்று கேட்கிறது.
பொறு என்பதற்கும்
செத்துவிடாதே என்பதற்கும்
நம்மிடம் இருக்கிற ஒரே சொல்.
இரு. கொஞ்சம் இரு.

ஒரு பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது.
டிராக்டரின் புகைக்குழாய் மட்டும்
மாலைவரை நீருக்கு மேலே தெரிந்தது;
மறுநாள் அதுவும் இல்லை.

இன்சூரன்ஸ் படிவத்தில் பதினோராவது கேள்வி:
விபத்தின்போது வாகனத்தின் வேகம்?
மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டு
பூஜ்யம் என்று எழுதினார் மொசாப்.
காரணம் என்ற கட்டத்தில்
அந்தச் சொல்லை எழுதி,
கொஞ்சம் யோசித்து, பக்கத்தில்
மணல் என்று சேர்த்தார்.

மேசைக்கடியில் நாய்
தன் நகத்தை நக்கிக்கொண்டிருந்தது.